குளத்து இறாலும் தலைமுறை நினைவும்

கூர்ப்புக் கொள்கையை விளக்கப் புகும் நம் ஆசிரியர்கள் பெரும்பாலும் இரண்டு எடுத்துக்காட்டுகளையே கையாள்கின்றனர். ஒன்று கலாபகசுத் தீவுகளின் குருவிகள். மற்றது இங்கிலாந்தின் புகை படிந்த மரங்களில் ஒளிந்திருந்த கரிய அந்துப்பூச்சி. இரண்டும் நல்ல எடுத்துக்காட்டுகளே. ஆயினும் நம் மாணவன் அந்தக் குருவியையும் காணப்போவதில்லை, அந்தப் பூச்சியையும் காணப்போவதில்லை. அவன் தன் கண்ணாற் காணக்கூடிய ஒன்று, சிலாபத்திலிருந்து புத்தளம் நோக்கிச் செல்லும் வழியில், முந்தல் ஏரியின் ஓரத்திலும் ஒல்லாந்தர் கால்வாயின் கரைகளிலும் கிடக்கிறது. கண்டற்காடுகளை அழித்தும் சதுப்பு நிலத்தைத் தோண்டியும் அமைத்த இறாற்குளங்களையே சொல்கிறேன். அவற்றுட் பல கைவிடப்பட்டு, வரம்புகள் சரிந்து, உப்புப் பூத்துப் போயின. அங்கு ஒரு கூர்ப்பு நாடகம் நடந்திருக்க வேண்டும், நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்பதே என் கேள்வி.

இலக்கியம் பேசும் பக்கத்தில் இறாலுக்கு என்ன வேலை என்று முகஞ்சுளிப்போர் இருக்கலாம். நெய்தல் நிலத்தைப் பாடிய புலவர்கள் 'இறவு' என்று குறித்த அதே உயிர்தான் இது. அவர்களுக்கு இல்லாத கூச்சம் நமக்கு எதற்கு?

முதலில் நோயைச் சொல்லவேண்டும். வெண்புள்ளி நோய் 1992 இல் தாய்வானில் முதன்முதலாக அறியப்பட்டது. மறு ஆண்டிலேயே யப்பானுக்குச் சென்றது. ஆசியக் கரைகள் எங்கும் பரந்து, 1996 இல் நம் வடமேற்குக் கரையையும், 1999 இல் எக்குவடோரையும் அடைந்தது. நோயுற்ற இறாலின் ஓட்டில் வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். இரை எடுப்பது நிற்கும். கரையோரமாக வந்து ஒதுங்கும். மூன்றாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் ஒரு குளம் முழுவதும் செத்து முடிந்துவிடலாம். இத்தனைக்கும் காரணமான வைரசு, இறால் வைரசுகளுக்குள் பருமனில் ஓர் அரக்கன். ஏறக்குறைய மூன்று இலட்சம் எழுத்திணைகள் கொண்ட டி. என். ஏ. இழை அதன் உடைமை. ஒப்பிட்டுச் சொன்னால், தௌரா நோயை உண்டாக்கும் மற்றோர் இறால் வைரசுக்குப் பதினாயிரம் எழுத்துகளே உள்ளன.

இத்தகைய பகையை எதிர்கொள்ள இறாலிடம் என்ன இருக்கிறது? நமக்கு அம்மை ஒருமுறை வந்தால், உடல் அதனை நினைவில் வைத்துப் பிறபொருளெதிரிகளை ஆக்கிக்கொள்கிறது. தடுப்பூசியின் இரகசியமும் அதுவே. இறாலுக்குப் பிறபொருளெதிரி இல்லை. ஆகவே அதற்கு நினைவும் இல்லை, தடுப்பூசியும் பயன்படாது, தலைமுறைகள் எத்தனை கழிந்தாலும் அது கன்னிப் பெண்போல் ஒன்றும் அறியாது நிற்கும் என்று பாடநூல்கள் நெடுங்காலம் எழுதிவந்தன. இந்தக் கூற்றின் முற்பாதி மெய். பிற்பாதி மெய்யன்று என்பதைக் கடந்த முப்பது ஆண்டு ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. ஆனால் அந்த ஆராய்ச்சியைப் படிக்கும்போது நாம் காலத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு நாளைக்குள் நடப்பது வேறு, ஒரு வாழ்நாளுக்குள் நடப்பது வேறு, தலைமுறைகளுக்குள் நடப்பது வேறு. இம்மூன்றையும் குழப்பிக்கொள்வதால் வரும் தீங்கு சிறிதன்று.

ஒரு நாளைய கதை மிகச் சுவையானது. வைரசு புகுந்த சில மணி நேரத்துள் இறாலின் குருதிக்கலங்களில் நூற்றுக்கணக்கான பரம்பரையலகுகள் (தமிழ்நாட்டார் மரபணு என்பர்) தம் வேலையைக் கூட்டியும் குறைத்தும் கொள்கின்றன. நுண்ணுயிரைக் கொல்லும் சிறு புரதங்கள் சுரக்கின்றன. கலத்தின் மேற்பரப்பிலிருந்து கருவுக்கு அபாயச் செய்தி கொண்டுசெல்லும் தூதுப் புரதங்கள் விழித்தெழுகின்றன. இதனைப் படிக்கும் எவரும், 'ஆகா, இறால் போராடுகிறது' என்றே எண்ணுவர். அங்கேதான் ஒரு வஞ்சகம் இருக்கிறது. அத்தகைய தூதர்களுள் 'ஸ்டாட்' என்று ஒன்று உண்டு. மணியடித்துக் காவலரை எழுப்புவதே அதன் தொழில். 2007 இல் தாய்வான் ஆய்வாளர்கள் கண்டது யாதெனில், வெண்புள்ளி வைரசு தன் முதற் பரம்பரையலகைத் திறக்கும் பூட்டை அந்த ஸ்டாட்டின் கைச்சாவிக்கு ஏற்றபடியே அமைத்து வைத்திருக்கிறது என்பதாகும். காவலரை எழுப்ப ஓடும் தூதன், போகிற போக்கில் கள்வனுக்கும் கதவைத் திறந்துவிடுகிறான்!

அதுமட்டுமன்று. அதே தாய்வான் ஆய்வாளர்கள் நோயுற்ற குருதிக்கலங்களின் அனுசேபத்தையும் மணிக்கணக்கில் அளந்தனர். பன்னிரண்டாம் மணி அளவில், வைரசு தன் இழைகளைப் பெருக்கும் வேளையில், கலம் வெல்லத்தை எரிக்கும் முறை மாறிவிடுகிறது. மனிதரின் புற்றுநோய்க் கலங்களில் வாபுர்க் என்னும் யேர்மன் அறிஞர் கண்ட அதே மாற்றம் அது. இருபத்து நான்காம் மணியளவில், வைரசின் புதுப் பிரதிகள் கட்டி முடிக்கப்படும் வேளையில், அம்மாற்றம் தணிந்துவிடுகிறது. ஆகவே பன்னிரண்டாம் மணியில் ஒரு பரம்பரையலகு எழுச்சி பெற்றிருப்பதைக் கண்டு, 'இது இறாலின் பாதுகாப்பு' என்று முடிவு கட்டுவது அவசரம். அது பகைவனின் கட்டளைக்கு அடிபணிந்த எழுச்சியாகவும் இருக்கலாம். இன்று உலகெங்கும் ஆய்வேடுகள் குவிகின்றன. ஏறிய அலகுகள் இத்தனை, இறங்கிய அலகுகள் இத்தனை என்று நீண்ட பட்டியல்கள். ஒரே ஒரு மணி நேரத்தில் எடுத்த நிழற்படத்தை வைத்து எழுதப்பட்ட இத்தகைய பட்டியல்களுட் பலவற்றை நான் ஐயத்துடனேயே நோக்குகிறேன். பட்டியல் என்பது விளக்கம் ஆகாது. இது இலக்கிய ஆராய்ச்சிக்கும் பொருந்தும் என்பதை நம் கலாநிதிகள் சிலர் பொறுத்தருள்க.

இனி ஒரு வாழ்நாளுக்கு வருவோம். யப்பானில் குருமா இறால் என்றோர் இனத்தை வளர்க்கின்றனர். வெண்புள்ளி நோயிலிருந்து தப்பிய குருமா இறால்களை மீண்டும் அவ்வைரசுக்கு ஆட்படுத்தியபோது, ஏறத்தாழ மூன்று வாரங்களின் பின்னர் அவை நோயைத் தாங்கும் ஆற்றல் பெற்றிருந்தமையையும், அவ்வாற்றல் சில வாரங்கள் நீடித்தமையையும் 2000 இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டிற்று. நினைவில்லாதது என்று சொல்லப்பட்ட உயிரிடம் நினைவு போன்ற ஒன்று! அதன் பின்னர் அமெரிக்காவில் ஈரிழை ஆர். என். ஏ. துண்டுகளை இறாலின் உடலிற் செலுத்திப் பார்த்தனர். வைரசின் எழுத்துக்களோடு ஒத்த துண்டாயின் பாதுகாப்பு வலுவாக இருந்தது. ஒவ்வாத துண்டுகூட ஓரளவு காத்தது. பிறபொருளெதிரி இல்லாத உயிர், எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பகைவனை அடையாளங்காணும் வேறொரு வழியை வைத்திருக்கிறது என்பது இதனாற் புலனாயிற்று.

தலைமுறைகளின் கதைதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 1990 களின் தொடக்கத்தில் தாய்லாந்தின் பண்ணைகளை மஞ்சட்டலை நோய் அழித்தது. சில ஆண்டுகளுக்குள் அழிவு தணிந்தது. வைரசு போய்விட்டதா? இல்லை, இறால்களின் உடலில் அது இருந்துகொண்டேயிருந்தது. வெண்புள்ளி நோயிலும், உடலில் வைரசைத் தாங்கியபடியே நலமுடன் அறுவடைக்கு வந்த இறால்களைக் கண்டனர். பாங்கொக் மகிடொல் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த திமோத்தி பிளெகல் என்னும் அறிஞர் இதனை நெடுநாள் சிந்தித்தார். இறால் வைரசை எதிர்த்து அழிக்கவில்லை, அதனுடன் இணங்கி வாழக் கற்கிறது என்று 1998 இல் ஒரு கருத்தை முன்வைத்தார். 2009 இல் அக்கருத்தை இன்னும் துணிவாக விரித்தார்: இறாலின் கலத்தில் உள்ள ஒரு நொதியம் வைரசின் ஆர். என். ஏ. யை டி. என். ஏ. யாகப் பின்னோக்கிப் படியெடுக்கிறது. அத்துண்டுகள் இறாலின் சொந்த நிறமூர்த்தங்களுக்குள் செருகப்படுகின்றன. அங்கிருந்து எழும் சிறு ஆர். என். ஏ. க்கள், அடுத்த முறை அதே வைரசு வரும்போது அதனை மட்டுப்படுத்துகின்றன; செருகல் முட்டையிலோ விந்திலோ நிகழ்ந்தால் அது பிள்ளைகளுக்கும் போகும்.

பகைவனின் கையெழுத்தில் ஒரு வரியை வெட்டி எடுத்துத் தன் குலப்பதிவேட்டில் ஒட்டிவைப்பது போன்றது இது. பலர் இதனை நம்பவில்லை. ஆனால் பகைவனின் வரிகள் அங்கே இருந்தன என்பது பொய்யன்று. ஆபிரிக்க, அவுஸ்திரேலியக் கரைகளின் புலி இறால்களின் பரம்பரைத் தொகுதிக்குள் மற்றோர் இறால் வைரசின் துண்டுகள் செருகப்பட்டுக் கிடப்பதை அரிசோனாப் பல்கலைக்கழகத்தார் 2006 இலேயே கண்டிருந்தனர். 2013 இல் பாரிசிலுள்ள பாஸ்டர் நிறுவனத்தார் பழ ஈக்களில் ஓர் அழகிய சோதனை செய்தனர். வைரசைத் தாங்கி வாழும் ஈக்களுக்கு, எயிட்ஸ் நோயாளர்க்குக் கொடுக்கும் மருந்தொன்றைக் கொடுத்தனர். பின்னோக்கிப் படியெடுக்கும் நொதியத்தை முடக்குவது அம்மருந்தின் இயல்பு. அதுவரை வைரசோடு வாழ்ந்த ஈக்கள் மடிந்தன! படியெடுத்த துண்டுகளே அவற்றைக் காத்து வந்தன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? 2021 இல் தாய்லாந்து ஆய்வாளர்கள் வட்ட வடிவான இத்தகைய வைரசுத் துண்டுகளை இறாலிலும் காட்டினர். பசிபிக் வெள்ளிறாலின் பரம்பரைத் தொகுதி முழுவதும் 2019 இல் சீன ஆய்வாளர்களால் வாசித்து வெளியிடப்பட்டமை இத்தகைய தேடலுக்குப் பெருந்துணை. (மனிதனுக்கு இருபத்து மூன்று சோடி நிறமூர்த்தங்கள், வெள்ளிறாலுக்கு நாற்பத்து நான்கு சோடி. எண்ணிக்கையில் என்ன இருக்கிறது என்று நாம் ஆறுதல் கொள்ளலாம்.)

இஃது ஒரு வழி. மற்றது டார்வின் சொன்ன பழைய வழி: தாங்கியவை பெருகும், தாங்காதவை அழியும். தௌரா நோயின் வரலாறு இதற்குச் சான்று. 1992 இல் எக்குவடோரின் தௌரா ஆற்றங்கரைப் பண்ணைகளில் இறால்கள் மடிந்தபோது, அருகிலிருந்த வாழைத் தோட்டங்களில் தெளித்த பூஞ்சைக் கொல்லியே காரணம் என்று பழி போட்டார்கள், வழக்குகளும் நடந்தன. பின்னரே அது வைரசு என்பது தெளிவாயிற்று. ஹவாய்த் தீவில் தப்பிய குடும்பங்களைத் தெரிந்தெடுத்து இனம்பெருக்கினர். ஒரே தலைமுறையில் தப்பும் வீதம் கண்கூடாக உயர்ந்தது. ஆனால் ஒரு விலையும் கேட்கப்பட்டது: நோயைத் தாங்கும் குடும்பங்கள் வளர்ச்சியில் பின்தங்கின. வெண்புள்ளியிலோ நிலைமை இன்னுங் கடினம். தாங்கும் ஆற்றலிற் பரம்பரைக்கு உள்ள பங்கு, கொலம்பியாவிற் செய்த அளவீடுகளில் பத்திலொன்றையும் எட்டவில்லை. அத்துடன் அங்கும் வளர்ச்சியோடு பகை.

இருந்தும் எக்குவடோர் விடவில்லை. வெண்புள்ளி வந்த மறு ஆண்டில் அந்நாட்டின் இறால் ஏற்றுமதி முன்னிருந்ததில் மூன்றிலொரு பங்களவுக்குச் சுருங்கிற்று. தப்பிய இறால்களிலிருந்தே குஞ்சு எடுத்தார்கள். குளத்தில் நெருக்கத்தைக் குறைத்தார்கள். மீண்டும் தப்பியவற்றைத் தெரிந்தார்கள். 2022 இல் அந்நாடு பத்து இலட்சம் தொன்னுக்கு மேல் ஏற்றுமதி செய்தது. இதனைப் பரம்பரையின் வெற்றி என்று மட்டும் சொல்வது மிகை. அகன்ற குளமும் குறைந்த நெருக்கமும் நல்ல நீரும் தம் பங்கைச் செய்தன. ஆனால் தலைமுறைத் தொடர்பு அறுபடாமல் வைத்திருந்தார்களே, அதனை மறுக்க முடியாது.

இப்பொழுது நம் குளங்களுக்கு வருகிறேன். நம் வடமேற்குக் கரையில் நெடுங்காலம் வளர்க்கப்பட்டது புலி இறால். அது அடைத்து வைத்த நீரில் எளிதில் முட்டையிடாது. கண்காம்பை நசுக்கி முட்டையிடச் செய்யும் கொடுமையும் அதனாலேயே வந்தது. ஆகவே குஞ்சு நிலையங்கள் ஒவ்வொரு முறையும் கடலிற் பிடித்த தாய் இறால்களையே வாங்கின. அத்தாயின் குஞ்சுகள் குளத்துக்குப் போயின. நோய் வந்தது, பெரும்பாலானவை மடிந்தன, எஞ்சியவை அறுவடையாகி, பனிக்கட்டியில் ஏறி, யப்பானியர் தட்டுக்கோ ஐரோப்பியர் தட்டுக்கோ போய்ச் சேர்ந்தன. அடுத்த பருவத்துக்கு மீண்டும் கடலில் இருந்து ஒரு புதிய தாய்.

இதன் பொருள் என்னவென்று சற்று நிதானமாக நோக்குங்கள். 1996 இலும் 1998 இலும் அதன் பின்னரும் குளங்களில் நடந்த அந்தப் பெருஞ்சாவு, எந்தப் பரம்பரைக்கும் எதனையும் கற்பிக்கவில்லை. தாங்கிய இறாலின் பிள்ளை என்று ஒன்று பிறக்கவேயில்லை. இயற்கைத் தேர்வின் முதற் பாதியாகிய சாவை முழுமையாக அனுபவித்தோம். பயன் தரும் பாதியாகிய பிறப்பை நாமே ஒவ்வொரு பருவமும் வெட்டி எறிந்தோம். ஆனால் வைரசு அப்படியா? அதன் சந்ததி ஒரு குளத்திலிருந்து மறு குளத்துக்கு, ஒரு பருவத்திலிருந்து மறு பருவத்துக்கு அறாது தொடர்ந்தது. வெண்புள்ளி வைரசு நாடு நாடாகப் பரவுகையில் தன் இழையிலிருந்து ஆயிரக்கணக்கான எழுத்துக்களைக் கழித்துவிட்டமை வியட்நாம், தாய்வான் முதலிய இடங்களின் மாதிரிகளில் அளந்து காணப்பட்டுள்ளது. வேண்டாத சுமையை இறக்கிவைத்த வைரசு வேகமாகப் பெருகுவதாகவும் சோதனைகள் காட்டின. ஒரு பக்கம் கற்கும் பகைவன். மறு பக்கம் ஒவ்வொரு பருவமும் முதலாம் வகுப்பிலேயே உட்காரும் இறால்.

இதற்கு எதிர்வாதம் உண்டு. அதனை மறைப்பது நேர்மையன்று. தப்பிய இறால் வைரசைச் சுமந்திருக்கக்கூடும். அதிலிருந்து குஞ்சு எடுத்தால் நோயையும் சேர்த்தே விதைக்கிறோம். இந்த அச்சத்தாலேதான் ஆசியாவிற் பெரும்பாலோர் குறிப்பிட்ட நோய்கள் அற்றவை என்று சான்று பெற்ற தூய தாய் இறால்களை நாடினர், குஞ்சுகளைப் பி. சி. ஆர். முறையாற் பரிசோதித்தபின் குளத்தில் விடும் வழக்கமும் வந்தது. நல்ல வழக்கமே. ஆனால் தூய்மை வேறு, வலிமை வேறு. மூடிய நீரில், வேலியிட்ட பண்ணையில் தூய குஞ்சு பிழைக்கும். ஒல்லாந்தர் கால்வாயிலோ ஒருவன் வெளியேற்றும் நீரையே மற்றவன் உள்ளே இறைக்கிறான். அந்த நீரிற் போய் விழும் தூய குஞ்சின் தூய்மை எத்தனை நாளைக்கு? பருவ அட்டவணை வகுத்து, வலயம் வலயமாகக் குளங்களில் குஞ்சு விடச் செய்யும் ஒழுங்கு நம் நாட்டில் கொண்டுவரப்பட்டது. அது வைரசின் தொடர்ச்சியை அறுக்கும் முயற்சி; அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். எனினும் இறாலின் தொடர்ச்சியைக் கட்டும் முயற்சி அதனுள் இல்லை.

வலிமை பெற்ற இனம் என்றைக்கும் வலிமையோடு நிற்கும் என்று நான் சொல்லவரவில்லை. தௌரா நோய்க்கு எதிராகத் தெரிந்தெடுத்த இனங்களை, 2001 இல் பெலீசில் தோன்றிய தௌரா வைரசின் புதிய வகை மீண்டும் தாக்கியது. ஆகவே ஒருமுறை தெரிந்து முடித்துவிட்டு இளைப்பாற முடியாது. தாங்கும் குடும்பங்களைப் பதிந்து, அவற்றின் பிள்ளைகளைத் தனித்தனியே வளர்த்து, ஆண்டுதோறும் சோதித்துக்கொண்டேயிருக்க வேண்டும். வெளிநாட்டு வெள்ளிறாலை இறக்குமதி செய்தால் இந்த வேலையெல்லாம் வேண்டாம் என்போர் பலர். பிறர் தெரிந்தெடுத்துத் தந்த வலிமை, பிறர் நாட்டு வைரசுக்கு எதிரான வலிமை. அதனை நம் கால்வாய் நீரில் மறுபடியும் சோதித்தே ஆகவேண்டும். வேலை குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது.

இன்னொரு செய்தியையும் சொல்லவேண்டும். நீரின் வெப்பம் 32 பாகை செல்சியசுக்கு உயர்ந்திருக்கையில் வெண்புள்ளியால் மடியும் வெள்ளிறால்களின் தொகை வெகுவாகக் குறைவதாகச் சோதனைகள் காட்டியுள்ளன. அப்படியாயின் ஒரு குளத்தில் தப்பியது பரம்பரை வலிமையாலா, வெயிலாலா என்று எவ்வாறு அறிவது? வெப்பம், உவர்ப்பு, நெருக்கம், குஞ்சு வந்த நாள், தாய் பிடிபட்ட கடற்பகுதி ஆகியவற்றைக் குளத்துக்குக் குளம் எழுதிவைத்தாலன்றி அறிய முடியாது. புத்தள மாவட்டத்துப் பாடசாலைகளின் உயர்தர விஞ்ஞான மாணவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வெப்பமானியும் ஒரு கொப்பியும் போதும். வகுப்பறையில் அந்துப்பூச்சியின் படத்தை வரைந்து நிறந்தீட்டும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுக்கலாம்.

செலவை யார் ஏற்பது என்ற கேள்வி எஞ்சுகிறது. இறாலை நிறுத்து விற்பவனிடம் போய், 'நோயைத் தாங்கும், ஆனால் மெல்ல வளரும் குஞ்சு இதோ' என்றால் அவன் வாங்கமாட்டான். அவனைக் குறைகூற நான் ஆயத்தமில்லை. ஒரு பருவம் தவறினால் வீட்டு நகை அடைவில் மூழ்கிவிடும் நிலையில் இருப்பவன் அவன். நல்ல பருவம் ஒன்றில் கிடைக்கும் பெரிய இறாலின் விலையை எண்ணுவானா, கெட்ட பருவம் ஐந்தின் சராசரியை எண்ணுவானா? ஆகவே மெல்ல வளரும் அந்த முதற் சில தலைமுறைகளின் நட்டத்தை அவன் தலையிற் கட்டக்கூடாது. நீருயிர் வளர்ப்புக்கென அரசு அமைத்த அதிகாரசபையும், ஏற்றுமதியால் இலாபம் கண்ட நிறுவனங்களும் சேர்ந்து, கால்வாயோடு தொடர்பற்ற ஓரிடத்தில், தப்பிய புலி இறால்களின் குடும்பங்களை வைத்துக் காக்கும் ஒரு நிலையத்தை நடத்தவேண்டும். தாய் இறாலைப் பிடிக்கக் கடலுக்குப் போகும் படகின் எண்ணெய்ச் செலவு அதற்கு முதல் தவணையாகட்டும்.